வளர்ச்சி வேறு, மீட்சி வேறு: கல்லீரல் மீள்வளர்ச்சிக் கருத்தரங்கின் தலைமையுரை



பெரிய அறுவைக்குப் பின் கல்லீரல் எப்படி மீண்டும் வளர்கிறது என்பது இந்தக் கருத்தரங்கில் நாம் பேசப்போகும் பொருள். நம் துறையில் இதைவிட நம்பிக்கை தரும் பொருள் இல்லை. மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்த பிறகும், எஞ்சிய பங்கு வளர்ந்து உயிரைக் காக்கும் உள்ளுறுப்பு நம் உடலில் இது ஒன்றுதான். அந்த நம்பிக்கையில்தான் நாம் கத்தியை எடுக்கிறோம். அந்த நம்பிக்கையில்தான் ஒரு தாயோ தந்தையோ தன் ஈரலில் ஒரு பங்கைப் பிள்ளைக்குத் தருவதாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். இவ்வளவு பாரம் ஏறியிருக்கும் நம்பிக்கை எந்த அடித்தளத்தில் நிற்கிறது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. இந்த உரையில் நான் நிறுவ விரும்புவது ஒன்றே. கல்லீரல் வளர்வது வேறு, கல்லீரல் மீள்வது வேறு. வளர்ச்சியை அளக்கும் கருவி நம் கையில் நன்றாக அமைந்துவிட்டதால், அதைக் கொண்டே மீட்சியையும் அளந்துவிட்டதாக எண்ணும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும் என்பதே என் வாதம்.

தொடக்கத்திலிருந்தே வருகிறேன். 1931-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் வெள்ளெலியில் செய்த சோதனைதான் இன்றுவரை இத்துறைக்கு அடிப்படை. எலியின் கல்லீரல் தனித்தனி மடல்களாகப் பிரிந்திருக்கும். நடு மடலையும் இடப்பக்க மடலையும் அடியில் நூலால் கட்டி அறுத்தெடுத்தால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மீதி மடல்களில் கத்தி படாததால் அவற்றில் காயமே இல்லை. ஒரு வாரம் பத்து நாளில் கல்லீரலின் எடை பழைய நிலையை எட்டிவிடும். ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்தால், கட்டி அறுத்த இடத்தில் எதுவும் முளைத்திருக்காது. தட்டையாக, விளிம்பு கூராக இருந்த மீதி மடல்கள் தடித்து உருண்டிருக்கும். பல்லிக்கு வால் அறுந்தால் அறுந்த இடத்திலேயே வேறொரு வால் வளர்கிறது. முருங்கையை வெட்டினால் வெட்டிய கிளையின் அருகிலேயே துளிர் விடுகிறது. கல்லீரலின் வழி இவற்றைப் போன்றதில்லை. போனது போனதுதான், இருப்பது பெருத்து, போனதன் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. மனிதருக்கும் இதுவே நடக்கிறது. வலப்பக்கக் கல்லீரலை எடுத்துவிட்டால் வலப்பக்கம் திரும்ப உருவாவதில்லை. இடப்பக்கம் பருத்து, காலியான இடத்தை நோக்கிச் சாய்கிறது. மீள்வளர்ச்சி என்ற சொல்லே, இழந்த உறுப்பு திரும்பி வருவதாக ஒரு சித்திரத்தை மனத்தில் எழுப்பிவிடுகிறது. திரும்பி வருவது உறுப்பு செய்துவந்த பணி. உருவம் அந்தப் பணிக்குத் தக்கபடி அமைகிறது.

எஞ்சிய மடல்களுக்கு வளரச் சொல்லி ஆணை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வந்த விடைகளும் இதையே சொல்கின்றன. 1967-இல் மூல்டனும் நான்சி புச்சரும் இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஒன்றுக்குக் கல்லீரலில் பெரும்பங்கை வெட்டி எடுத்திருந்தார்கள். மற்றதன் கல்லீரல் முழுமையாக இருந்தது. வெட்டுப்படாத எலியின் கல்லீரலிலும் டி.என்.ஏ. உற்பத்தி தொடங்கியது. ஆணை இரத்தத்தின் வழியே பயணிக்கிறது என்பது அதில் தெளிவாயிற்று. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்த ஆணையைச் சுமப்பவை ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன. 1984-இல் ஜப்பானில் நாகமுரா குழுவினர் கல்லீரல் செல்களை வளரத் தூண்டும் காரணியைப் பிரித்தெடுத்தார்கள். இன்டர்லூகின்-6 இல்லாமல் பிறந்த சுண்டெலிகளில் மீள்வளர்ச்சி குலைந்துபோவதை 1996-இல் கண்டார்கள். கணையத்திலிருந்து வரும் இன்சுலின், குடலிலிருந்து திரும்பும் பித்த அமிலங்கள், இரத்தத் தட்டணுக்கள் சுமந்துவரும் செரட்டோனின் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வெட்டிய சில நிமிடங்களிலேயே ஒன்று நடந்துவிடுகிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை, குடலிலிருந்து கொண்டுவருவதைக் குறைத்துக்கொள்வதில்லை. முழு உறுப்புக்கு வந்த வெள்ளம் மூன்றில் ஒரு பங்கு எச்சத்துக்குள் புகுகிறது. ஒவ்வொரு செல்லின் தலையிலும் மூன்று மடங்கு வேலை விழுகிறது. வளர்ச்சிக்கான முதல் தூண்டுதல் அந்தப் பாரம்தான்.

கல்லீரல் தன் அளவைத் தேவையைப் பார்த்தே வைத்துக்கொள்கிறது என்பதற்கு இன்னும் வலுவான சான்றுகள் உண்டு. சிறிய நாயின் கல்லீரலைப் பெரிய நாய்க்குப் பொருத்தியபோது அது பெரிய நாய்க்கு வேண்டிய அளவுக்கு வளர்ந்தது. 1992-இல் பிட்ஸ்பர்க்கில் ஸ்டார்ஸல் குழுவினர் பபூன் குரங்கின் கல்லீரலை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அந்த நோயாளி நெடுநாள் வாழவில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் குரங்கின் ஈரல் மனித உடலுக்கு ஏற்ற அளவை நோக்கி வளர்ந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் இதே கணக்கின்படிதான். 2007-இல் சுண்டெலியின் கல்லீரலில் யாப் என்னும் புரதத்தை ஓயாமல் செயல்பட வைத்தபோது, கல்லீரல் ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருத்தது. தூண்டுதலை நிறுத்தியதும் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. 2012-இல் ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. எலியின் கல்லீரலில் 30 விழுக்காட்டை மட்டும் எடுத்தால், எஞ்சிய செல்கள் பிரியவே இல்லை. ஒவ்வொன்றும் தன் உடலைப் பெருக்கிக்கொண்டு குறையை ஈடுகட்டிவிட்டது. 70 விழுக்காட்டை எடுத்தபோதும் முதலில் நடந்தது இந்தப் பருத்தல்தான். செல்பிரிவு அதன் பின்னரே வந்தது. செல்களின் எண்ணிக்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று இந்த உறுப்பு கணக்குப் பார்ப்பதில்லை. உடலுக்கு வேண்டிய வேலை நடந்தாக வேண்டும் என்பதே அதன் கணக்கு. உறுப்பு வைத்திருக்கும் இந்த அளவுகோலை நாமும் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

இனி நுண்ணோக்கியின் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். என் வாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. இயல்பான கல்லீரல் நெல்வயலைப் போன்ற ஒழுங்கு உடையது. ஒரு செல் தடிப்பில் வரிசை வரிசையாகக் கல்லீரல் செல்கள். வரிசைகளுக்கு இடையே வாய்க்கால்போல் ஓடும் இரத்த நுண்குழல்கள். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பித்தம் வடியும் மெல்லிய கால்வாய். இரத்தம் ஓரத்திலிருந்து நடுச்சிரையை நோக்கிப் போகிறது. பித்தம் எதிர்த்திசையில் ஓரத்தை நோக்கி வருகிறது. எலியில் பெரிய அறுவை முடிந்து ஒரு நாள் கழியும்போது கல்லீரல் செல்களின் டி.என்.ஏ. உற்பத்தி உச்சத்தைத் தொடுகிறது. நுண்குழல்களின் உட்சுவரை அமைக்கும் செல்கள் அப்போது விழித்துக்கொள்வதில்லை. அவை பெருகத் தொடங்க மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆகிவிடுகிறது. இடைப்பட்ட நாள்களில் கல்லீரலைச் சீவிப் பார்த்தால் வரிசைகளைக் காண முடியாது. பத்துப் பதினைந்து செல்கள் நெருங்கி ஒட்டிக்கொண்ட கொத்துகள் தெரியும்; கொத்துக்குள் இரத்த வழி இராது. எடைக் கணக்கில் அந்த ஈரல் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும். நாற்று நெருக்கமாக வளர்ந்துவிட்டது, வாய்க்கால் இன்னும் வெட்டப்படவில்லை என்பதே அன்றைய நிலை. பிறகுதான் உட்சுவர்ச் செல்கள் கொத்துகளுக்குள் ஊடுருவி, அவற்றைப் பிரித்து, மறுபடி வரிசைப்படுத்துகின்றன. வளர்ச்சி முன்னே போய்விடுகிறது, ஒழுங்கு பின்னே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் நம் நோயாளி படுத்திருக்கிறார்.

ஒழுங்கு வராமலேயே வளர்ச்சி மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். நம் வார்டுகளில் நாள்தோறும் பார்க்கிறோம். சிரோசிஸ் என்று 1819-இல் லென்னெக் பெயரிட்ட நோயை ‘ஈரல் சுருங்கிப்போச்சு’ என்று நம் மக்கள் சொல்கிறார்கள். அந்த ஈரலை வெட்டிப் பார்த்தால் முண்டு முண்டாகத் தெரிபவை எல்லாம் புதிதாக வளர்ந்த செல் திரள்களே. மதுவோ, மஞ்சள் காமாலை வைரஸோ, கொழுப்போ மீண்டும் மீண்டும் செல்களைக் கொல்ல, கல்லீரல் மீண்டும் மீண்டும் வளர்ந்து ஈடுகட்டப் பார்த்திருக்கிறது. ஆனால் நார்த்திசு குறுக்கே சுவர் எழுப்பிவிட்டதால், வளர்ந்த செல்களுக்கு இரத்த வழியும் சரியாக அமையவில்லை, பித்த வழியும் சரியாக அமையவில்லை. செல்கள் வளரும் ஆற்றலை இழந்ததால் சிரோசிஸ் வந்தது என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். வளர்ச்சி இருந்தும் மீட்சி கிட்டாத நிலையே சிரோசிஸ் என்று நான் சொல்வேன். கையால் தொட்டாலே முண்டுகள் தெரியும் அந்த ஈரலைவிடத் தெளிவாக என் வாதத்துக்குச் சாட்சி சொல்ல வேறொன்றும் வேண்டியதில்லை.

அறுவையரங்கிலிருந்து வரும் சான்றை இப்போது எடுத்துக்கொள்வோம். வெட்டிய பின் எஞ்சும் பங்கு போதாது என்று தெரிந்தால், அறுவைக்கு முன்பே அதை வளர்த்துக்கொள்ளும் வழியை 1980-களில் ஜப்பானில் மக்குச்சி முதலானோர் காட்டினார்கள். எடுக்கப்போகும் பக்கத்துக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக் கிளையை அடைத்துவிட்டால், இரத்தம் மறுபக்கம் திரும்பி, மூன்று முதல் ஆறு வாரங்களில் அந்தப் பக்கம் பெருக்கும். காத்திருக்கும் காலத்தில் புற்றுக்கட்டியும் வளர்ந்துவிடக்கூடும் என்பது அதன் குறை. 2012-இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் குழுவினர் வேறொரு முறையை வெளியிட்டார்கள். ஆல்ப்ஸ் என்று நாம் சுருக்கிச் சொல்லும் அந்த இருகட்ட அறுவையில், சிரையைக் கட்டியதோடு கல்லீரல் திசுவையும் நடுவே பிளந்துவிடுவார்கள். எச்சம் வளர்ந்த பின் மறுபடி வயிற்றைத் திறந்து நோயுற்ற பங்கை எடுப்பார்கள். முதல் 25 நோயாளிகளில் ஒன்பது நாள் அளவில் எச்சம் 74 விழுக்காடு பெருத்திருந்தது. உலகமே வியந்த வேகம் அது. அதே 25 பேரில் மூவர், அதாவது 12 விழுக்காட்டினர், மருத்துவமனையிலேயே இறந்தார்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. பின்னர் ஐசோடோப்புச் சோதனையால் அந்த எச்சங்களின் செயல்திறனை அளந்தபோது, அளவு ஏறிய வேகத்தில் செயல் ஏறவில்லை என்பது தெரிந்தது. மெதுவாக வளரும் சிரை அடைப்பு முறையில் நிலைமை நேர்மாறாக இருந்தது; அங்கே அளவு கூடியதைக் காட்டிலும் செயல் அதிகமாகக் கூடியிருந்தது. எலியின் கல்லீரலில் மூன்றாம் நாள் கண்ட வாய்க்கால் இல்லாத கொத்துகளை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த முரண்பாட்டில் புதிர் எதுவும் இல்லை. வெளுத்ததெல்லாம் பாலாகாது, பருத்ததெல்லாம் ஈரலாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும்; எழத்தான் வேண்டும். சி.டி. ஸ்கேன் எல்லா ஊரிலும் இருக்கிறது. எஞ்சும் பங்கு நல்ல கல்லீரலில் 20 விழுக்காட்டுக்கும், நீண்ட கீமோதெரபி எடுத்த கல்லீரலில் 30 விழுக்காட்டுக்கும், சிரோசிஸ் உள்ள கல்லீரலில் 40 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது என்ற விதிகள் அந்த ஸ்கேனை வைத்து அமைந்தவை. எத்தனையோ உயிர்களைக் காத்தவை. அவற்றை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்த விதிகளை நான் மறுக்கவில்லை. அவற்றையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள் என்று கேட்கிறேன். அளவு ஒன்றே போதுமானதாக இருந்தால் ஒரே எண் போதுமே. மூன்று வகை ஈரலுக்கு மூன்று எண் ஏன்? ஒரே கன அளவுள்ள ஈரல் உள்ளே இருக்கும் திசுவைப் பொறுத்து இரு மடங்கு வேறுபட்டு உழைக்கிறது என்பதை அந்த விதிகளே ஒப்புக்கொண்டுவிட்டன. உடல் எடையில் 0.8 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈரலைப் பொருத்தக் கூடாது என்ற கொடைக் கல்லீரல் விதிக்கும் இதுதான் நேர்ந்தது. போர்ட்டல் சிரையின் அழுத்தத்தை 15 மில்லிமீட்டருக்குக் கீழே கட்டுப்படுத்தினால் 0.6 விழுக்காடு உள்ள ஈரலும் தாங்குகிறது என்று கியோட்டோ குழுவினர் காட்டினார்கள். ஈரல் அதே அளவுதான். உள்ளே பாயும் வெள்ளத்தை மட்டுப்படுத்தியதும் அது பிழைத்துக்கொண்டது. நல்ல கல்லீரலில் அளவும் செயலும் கைகோத்துப் போவதால் ஸ்கேன் போதுமானதாகத் தோன்றுகிறது. அவை பிரியும் இடங்கள் கொழுப்பேறிய ஈரல், கீமோதெரபியால் நலிந்த ஈரல், நார் படிந்த ஈரல், முதியவரின் ஈரல். நம் நோயாளிகளில் கணிசமானோர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். நீரிழிவும் கொழுப்பீரலும் இவ்வளவு பெருகிவிட்ட நாட்டில், பாடநூலில் உள்ள நல்ல ஈரலை முன்மாதிரியாக வைத்துக் கணக்கிடுவது ஆபத்து.

செயலை அளக்க வழி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. இண்டோசயனின் கிரீன் என்னும் பச்சைச் சாயத்தைச் சிரையில் ஏற்றி, 15 நிமிடம் கழித்து எவ்வளவு இரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால், கல்லீரல் அதை எவ்வளவு சுறுசுறுப்பாக வாங்கிப் பித்தத்தில் தள்ளியது என்பது தெரிந்துவிடும். விரலில் மாட்டும் கருவியாலேயே அதைப் படிக்கலாம். 10 விழுக்காட்டுக்குக் குறைவாக மிஞ்சினால் இவ்வளவு வெட்டலாம், 20-ஐத் தாண்டினால் இவ்வளவுதான் என்று ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் படிப்படியாக வரையறுத்து, அதன்படி நடந்து நல்ல பலன் கண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் மெப்ரோஃபெனின் என்னும் மருந்தில் கதிரியக்கப் பொருளைச் சேர்த்துச் செலுத்தி, எஞ்சப்போகும் பங்கு மட்டும் தனியாக எவ்வளவு உழைக்கிறது என்பதைப் படமாகவே எடுக்கிறார்கள். அறுவைக்குப் பிறகோ, இன்னும் எளிய சோதனை போதும். 2005-இல் பிரான்சில் 775 கல்லீரல் அறுவைகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விதியைச் சொன்னார்கள். ஐந்தாம் நாளில் புரோத்ரோம்பின் அளவு 50 விழுக்காட்டுக்குக் கீழும், பிலிரூபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலும் இருந்தால் இறப்பு வாய்ப்பு 59 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து கெடாதவர்களிடம் அது 1.2 விழுக்காடு. இந்த விதியில் கன அளவு எங்கேயும் இல்லை. உறைபொருள்களை உண்டாக்குகிறதா, பித்தத்தை வெளியேற்றுகிறதா என்ற இரண்டே கேள்விகளை அது கேட்கிறது. அல்புமின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் தங்குவதால் அது இன்றைய நிலையைச் சொல்லாது. உறைகாரணி ஏழு சில மணி நேரத்தில் குறைந்துவிடுவதால், ஈரல் இன்று காலை வேலைக்கு வந்ததா இல்லையா என்பதை அது உடனே சொல்லிவிடும். சின்ன மருத்துவமனையிலும் இந்தச் சோதனைகள் உண்டு. ஐந்தாம் நாள் அறிக்கையை அந்த அக்கறையோடு படிக்கும் பழக்கம்தான் பரவ வேண்டும்.

இந்தப் பேச்சின் பாரம் முழுவதும் வந்து விழும் இடம் உயிருடன் இருப்பவரின் கொடை. 1989-இல் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் ஒரு ஜப்பானியத் தாயின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவர் மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1998-இல் டெல்லியில் ஒரு தந்தை தன் குழந்தைக்குத் தந்த ஈரல், இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கு வாசலைத் திறந்தது. இன்று நம் நாட்டில் நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பாலானவை இப்படி உறவினர் தரும் ஈரலைக் கொண்டே நடக்கின்றன. மனைவி, அக்காள், அம்மா என்று அந்தப் பட்டியலில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? ‘மூணு மாசத்துல முழுசா வளர்ந்துடும்மா’ என்கிறோம். அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், மூன்று மாத முடிவில் கொடையாளரின் கல்லீரல் பழைய அளவில் சுமார் 80 விழுக்காட்டை எட்டியிருந்தது. தட்டணு எண்ணிக்கை முன்பிருந்ததைவிடக் குறைந்தே நீடிப்பதும் பலரிடம் காணப்பட்டது. பன்னாட்டுக் கணக்கெடுப்பில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளரில் 23 பேர் இறந்திருந்தனர்; அது ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்ற வீதம். ஆக ‘முழுசா’ என்ற சொல்லும் சரியில்லை, ‘ஒண்ணும் ஆகாது’ என்ற சொல்லும் சரியில்லை.

இதைத் திறந்து சொன்னால் மக்கள் ஈரக்குலை நடுங்கி ஒதுங்கிவிடுவார்கள், காத்திருக்கும் நோயாளிகள் இறப்பார்கள் என்று அன்போடும் கவலையோடும் மறுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் விடை என் வாதத்துக்குள்ளேயே இருக்கிறது. அளவைக் கொண்டு மீட்சியை அளப்பவருக்குத்தான் 80 விழுக்காடு குறையாகத் தெரியும். பணியைக் கொண்டு அளப்பவருக்கு அந்த 80 விழுக்காடு நிறைவு. அந்த ஈரல் உறைபொருளை உண்டாக்குகிறது, பித்தத்தை வடிக்கிறது, உணவைச் சேமிக்கிறது. அதற்குமேல் வளர உடல் அதை அழைக்கவில்லை. ‘உங்கள் ஈரல் பழைய வடிவத்துக்கு வராது, உங்களுக்கு வேண்டியதைச் செய்யும் அளவுக்கு வரும், பித்தக் கசிவு ஏற்படலாம், மிக அரிதாக உயிருக்கே ஆபத்து நேரலாம், கொழுப்பு இருந்தால் அதைக் குறைத்த பிறகுதான் அறுவை’ என்று சொல்வதில் நடுங்க வைக்க என்ன இருக்கிறது? உண்மையைக் கேட்டு ஒப்புக்கொள்ளும் கொடையாளர் உறுதியாக நிற்பார். மிகைப்படுத்திய வாக்குறுதியைக் கேட்டு வந்தவர், ஓராண்டு கழித்து ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக உணர்வார். மேலும், உயிரோடு இருப்பவரின் கொடை பெருகியிருப்பதற்கு ஒரு காரணம் மூளைச்சாவடைந்தோரின் கொடை போதாமல் இருப்பது. ஈரல் வளரும் என்ற ஆறுதலைச் சொல்லி அந்தப் போதாமையை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு மறுப்பு ஆய்வகத்திலிருந்து வரும். வளர்ச்சிக் காரணிகள் தெரிந்துவிட்டன, தடுக்கும் சைகைகளும் தெரிகின்றன. மருந்து கொடுத்து வளர்ச்சியை முடுக்கிவிட்டால் இந்த விவாதமே தேவையில்லையே என்பார்கள். அந்த ஆய்வுகள் நடக்க வேண்டும், முழு ஊக்கத்தோடு நடக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் உடன் வைத்துக்கொள்வோம். நாம் பெரும்பாலும் கல்லீரலை வெட்டுவது புற்றுக்காக. ஈரல் செல்லை எழுப்பும் சைகைகளில் பல, ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லையும் எழுப்பக்கூடியவை. யாப் புரதத்தை நெடுநாள் தூண்டிய சுண்டெலிகளுக்குக் கல்லீரலில் கட்டிகள் வந்தன. இரண்டாவது, கல்லீரல் செல்லுக்கு வளரும் ஆற்றல் குறைவாக இருந்ததே இல்லை. 1997-இல் ஓர் எலியிடமிருந்து மற்றோர் எலிக்கு மாற்றி மாற்றிப் பொருத்தப்பட்ட கல்லீரல் செல்கள் 69 முறைக்குக் குறையாமல் இரட்டித்தன. மதிப்பு மிகுந்த, அரிதான பொருள் செல் அல்ல, வாய்க்கால். மருந்து தேடுவோர் உட்சுவர்ச் செல்களையும் பித்தக் கால்வாய்களையும் உரிய நேரத்தில் எழுப்பும் வழியைத் தேடினால் பலன் அதிகம் என்று நான் நம்புகிறேன். விரைவாக வளர்த்துவிடுவதைவிட, வளர்ந்ததை விரைவாக ஒழுங்குபடுத்துவதுதான் உயிரைக் காக்கும்.

மருத்துவமனைக்கு வெளியே உலவும் ஒரு பேச்சையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘ஈரல் தானா வளர்ந்துடும்ல, என்ன பயம்?’ என்று சொல்லிக்கொண்டு குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் நம் பங்கும் உண்டு. மீள்வளர்ச்சியை அதிசயமாக மட்டும் மக்களுக்குச் சொல்லிவிட்டு, அதன் நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டவர்கள் நாம்தான். ஒருமுறை சுத்தமாக வெட்டிய ஈரல் ஒழுங்காக மீள்கிறது. நாள்தோறும் நஞ்சு படும் ஈரல் வளர்ந்து வளர்ந்தே முண்டாகிப் போகிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே பள்ளிப் பாடத்திலும் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

அன்பர்களே, இந்தக் கருத்தரங்கின் அமர்வுகளில் படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள் என்று வேண்டுகிறேன். எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லும் அட்டவணைக்குப் பக்கத்தில், அது எவ்வளவு உழைத்தது என்று சொல்லும் அட்டவணை இருக்கிறதா? நம் மையங்கள் அறுவைக்கு முன் எச்சத்தின் செயலையும், அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள் எண்களையும், கொடையாளரின் ஓராண்டு நிலையையும் ஒரே முறையில் பதிந்துவைத்தால், நம் நாட்டு ஈரலுக்கு ஏற்ற விதிகளை நாமே எழுதலாம். கொழுப்பும் நீரிழிவும் கலந்த நம் உடல்களுக்கு, வேறு நாடுகளின் நல்ல ஈரலை வைத்து வரைந்த கோடுகளை எத்தனை நாள் கடன் வாங்குவது? அறுவை மருத்துவர் கன அளவைக் கொண்டுவரட்டும். கதிரியக்க மருத்துவர் செயலளவைக் கொண்டுவரட்டும். ஆய்வாளர் நுண்குழல்களின் கதையைக் கொண்டுவரட்டும். செவிலியர் ஐந்தாம் நாள் படுக்கையில் கண்டதைக் கொண்டுவரட்டும். மூன்றாம் நாள் ஈரலில் செல்கள் பெருகிவிட்டன, வாய்க்கால் வரவேண்டும் என்று பார்த்தோம். நம் துறையிலும் அறிவு அங்கங்கே கொத்துக் கொத்தாகப் பெருகிவிட்டது. அவற்றுக்கு நடுவே வழி திறப்பதுதான் இங்கே நமக்குள்ள வேலை. அந்த வேலையைத் தொடங்குவோம் என்று கூறி, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.